சுருக்கத்துக்கு முன்னால் நிறம்: சரும முதுமையின் முதல் அடையாளங்களும் பராமரிப்பும்

முழங்கைக்கு மேலே, உடம்போடு ஒட்டியிருக்கும் உள்பக்கத் தோலையும் அதே கையின் புறங்கைத் தோலையும் பகல் வெளிச்சத்தில் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் 35 வயதைத் தாண்டிய பலருக்கு உள்பக்கம் ஒரே நிறத்தில் வழவழப்பாக இருக்கும். புறங்கையிலோ நிறம் திட்டுத்திட்டாகவும், ரேகைகள் ஆழமாகவும், தோல் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். உள்பக்கத்தில் காண்பது வயது மட்டும் செய்த மாற்றம். வெளிப்பக்கத்தில் அதற்கு மேல் தெரிவதில் பெரும்பங்கு வெயில் செய்தது. வயதை நிறுத்த எந்தக் கிரீமாலும் முடியாது. வெயிலின் பங்கைக் குறைக்க நிச்சயமாக முடியும், அதற்குப் பெரிய செலவும் இல்லை.

தோலுக்குள் நடப்பது

தோலின் மேலடுக்கு மிக மெல்லியது; முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அதன் அடிவரிசையில் புதிய செல்கள் பிறந்து, மெல்ல மேலேறி, காய்ந்து உதிர்கின்றன. இளவயதில் இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். வயது ஏற ஏற இது நீளும். பழைய செல்கள் மேலே தங்கிப்போவதால்தான் முகம் பொலிவிழந்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது.

மேலடுக்குக்குக் கீழே இருப்பது உள்தோல். அதன் உலர் எடையில் சுமார் முக்கால் பங்கு கொலாஜன் என்ற புரத இழைகள். இவை தோலுக்குத் திண்மை தருகின்றன. இழுத்துவிட்டால் பழையபடி திரும்பும் தன்மையைத் தருபவை எலாஸ்டின் இழைகள். கயிற்றுக் கட்டிலில் கயிறு தொய்ந்தால் மேலே விரித்த பாய் தானாகக் குழிவதுபோல, இந்த இழைகள் தளர்ந்ததும் மேல்தோல் மடிகிறது. சுருக்கம் கண்ணுக்குத் தெரிவது மேலே, பழுது கீழே. மேலே மட்டும் பூசிக் கழுவும் பெரும்பாலான பொருட்கள் சுருக்கத்தைத் தொடாததற்குக் காரணம் இதுதான்.

இருபதுகளிலிருந்தே உள்தோலின் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைந்துகொண்டே வருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகான முதல் ஐந்து ஆண்டுகளில் சுமார் 30 சதவீதம் வரை இழப்பு நேரலாம். அந்த வயதில் “திடீரென்று முகம் வாடிவிட்டது” என்று பெண்கள் சொல்வது வெறும் மனப்பிரமை அல்ல.

வெயிலின் பங்கு

சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களில் நம்மை எட்டுபவை இரண்டு வகை. ‘பி’ வகை மேல்தோலைச் சுடுகிறது. சிவந்து, எரிந்து, கருப்பது இதனால். ‘ஏ’ வகை சுடாது, வலிக்காது. ஆனால் உள்தோல் வரை இறங்கி, கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. காலையிலும் மாலையிலும் மேகமூட்டத்திலும் இது கணிசமாக இருக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி ‘பி’ கதிரைத் தடுத்துவிடும், ‘ஏ’ கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்கியது. வலது கன்னம் பல ஆண்டுகள் இளமையாகத் தெரிந்தது. நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் ஓட்டுநருக்கு அதிக வெயில் படுவது வலது கன்னத்திலும் வலக்கையிலும்.

குளிர்ந்த இடத்தில் வெயில் பாதிக்காது என்ற நினைப்பும் தவறு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போதெல்லாம் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே குளிரில் இதமாக நின்றுகொண்டே சமவெளியைவிட வலுவான கதிரை முகத்தில் வாங்குகிறோம்.

நம் தோலில் முதலில் மாறுவது நிறம்

மாநிறம், கருநிறம் கொண்ட தோலில் மெலனின் என்னும் நிறமி அதிகம். அது உள்தோலுக்கு ஒரு நல்ல தடுப்பு. அதனால் வெள்ளைத் தோலரை ஒப்பிட நமக்குச் சுருக்கம் பல ஆண்டுகள் பிந்தி வருகிறது. ஆனால் அந்த நிறமியைச் செய்யும் செல்கள் எளிதில் கிளறிவிடப்படுபவை. வெயில், உரசல், பரு, எரிச்சல், ஹார்மோன் என எது சீண்டினாலும் கூடுதலாக நிறமியைக் கொட்டிவிடும். வெளிநாட்டு அழகுக் குறிப்புகளில் சுருக்கமே முதல் எதிரி. நம் வீட்டுக் கண்ணாடியில் முதலில் தெரிவது நிற மாற்றம்தான். இதை மனதில் வைக்காமல் பொருள் வாங்கினால் தவறான இடத்தில் பணம் போகும்.

கன்ன எலும்பின் மேலும் மேலுதட்டின் மேலும் இருபுறமும் ஒரேமாதிரி படியும் பழுப்புத் திட்டு ‘மங்கு’. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் தொடங்குவது வழக்கம். வெயில் அதை வளர்க்கும். வாயைச் சுற்றியும் நெற்றியோரமும் மற்ற இடத்தைவிடக் கருத்துப்போவது, பரு ஆறிய தடம் வாரக்கணக்கில் போகாமல் மாதக்கணக்கில் நிற்பது, கண்ணுக்குக் கீழே நிழல் விழுவது எல்லாம் இந்த வரிசையில் வரும். முப்பதுகளில் கன்னத்திலும் கழுத்திலும் கடுகளவு கரிய புடைப்புகள் சிலருக்கு வரும். அவை பரம்பரையாக வருபவை, தீங்கற்றவை.

கோடுகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு வேறுபாடு தெரிந்தால் போதும். சிரிக்கும்போது கண்ணோரத்தில் தோன்றி, முகம் தளர்ந்ததும் மறைவது தசை அசைவின் கோடு. அது இருபது வயதிலும் உண்டு. முகம் அசையாமல் இருக்கும்போதும் நிற்கிற கோடுதான் கொலாஜன் இழப்பின் அடையாளம். கண்ணுக்குக் கீழே சல்லடைபோல் தெரியும் மெல்லிய கோடுகள் மூன்றாவது வகை. மாய்ஸ்சரைசர் தடவி பத்து நிமிடத்தில் அவை மங்கினால், அது வெறும் வறட்சி. ஏ.சி. அறையில் நாள் முழுக்க இருப்பவர்கள் இதை முதுமை என்று எண்ணிக் கவலைப்படுகிறார்கள்.

முதுமைபோல் தோன்றும் வேறு சில

பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணிபோலக் கருத்திருந்தால் அது அழுக்கும் அல்ல, வயதும் அல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு உடம்பு தரும் குறிப்பாக இருக்கக்கூடும். பீர்க்கங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தால் இன்னும் கருக்கும். சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வதே சரி.

நரைக்குச் சாயம் பூசத் தொடங்கிய பிறகு நெற்றியோரமும் காதோரமும் கருத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சாயத்தை. கருப்புச் சாயங்களில் உள்ள பி.பி.டி. என்ற வேதிப்பொருளுக்குப் பலருக்கு ஒவ்வாமை உண்டு. அது எப்போதும் அரிப்பாக வராது, மெல்ல நிறமாற்றமாகவே வந்து சேரலாம். ‘கருப்பு மெஹந்தி’ என்று விற்கும் பொடிகள் பலவற்றிலும் இதே பொருள்தான். நெற்றிப் பொட்டு இடும் இடம் மட்டும் கருத்தால் குங்குமத்தையோ ஸ்டிக்கர் பொட்டின் பசையையோ மாற்றிப் பாருங்கள்.

சன்ஸ்கிரீன்: அளவில்தான் தவறு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1992 முதல் 1996 வரை ஓர் ஆய்வு நடந்தது. 55 வயதுக்கு உட்பட்டவர்களில் ஒரு பகுதியினரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்கள் விருப்பப்படி பூசிக்கொண்டார்கள். நாலரை ஆண்டு முடிவில், தினமும் பூசியவர்களின் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் பூசியது எஸ்.பி.எஃப். 15 அளவுள்ள சாதாரணச் சன்ஸ்கிரீன். ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலர்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் தினசரிப் பழக்கம்தான் பலன் தருகிறது என்ற செய்தி நமக்கும் பொருந்தும்.

எஸ்.பி.எஃப். என்பது பெரும்பாலும் ‘பி’ கதிருக்கான அளவு. 15 என்றால் அந்தக் கதிரில் சுமார் 93 சதவீதம் தடுக்கப்படும். 30 என்றால் 97. 50 என்றால் 98. முப்பதுக்கு மேல் வித்தியாசம் சிறியது. ‘ஏ’ கதிருக்கு அட்டையில் பி.ஏ. என்ற குறியீட்டைப் பாருங்கள். அது ஜப்பானில் பிறந்த அளவுமுறை. மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகள் இருக்க வேண்டும். எஸ்.பி.எஃப். 30 இருந்து பி.ஏ. குறியும் வலுவாக இருக்கும் ஒன்று, பி.ஏ. குறியே இல்லாத எஸ்.பி.எஃப். 70ஐவிட முதுமையைத் தடுக்க நம்பத் தகுந்தது.

இந்த எண்களெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கனத்தில் பூசிச் சோதித்து எடுத்தவை. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றேகால் கிராம் வரும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை நீளமாகப் பிதுக்கிய இரண்டு கோடுகள் அந்த அளவுக்குப் பக்கத்தில் வரும். பொதுவாக மக்கள் பூசுவது இதில் பாதிகூட இல்லை. அப்போது கிடைக்கும் பாதுகாப்பு அட்டையில் உள்ள எண்ணைவிட வெகுவாகக் குறைந்துவிடும். இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. 50 கிராம் டியூப்பில் சுமார் 40 தடவைப் பூச்சு இருக்கிறது. தினம் ஒருமுறை பூசினால் ஆறு வாரத்தில் தீர வேண்டும். உங்கள் டியூப் நாலைந்து மாதம் வந்தால் நீங்கள் பூசுவது போதவில்லை. விலையுயர்ந்ததை வாங்கி மிச்சம் பிடித்துப் பூசுவதைவிட, மலிவானதை வாங்கித் தாராளமாகப் பூசுவது மேல்.

வெளியே கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பு பூசுங்கள். ஒரே தடவையில் அப்பாமல் இரண்டு மெல்லிய பூச்சாகப் போட்டால் பிசுபிசுப்புக் குறையும். காது, பின்கழுத்து, புறங்கை மூன்றும் மறந்துபோகும் இடங்கள். தொடர்ந்து வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்த்துத் துடைத்தால் உடனே. வீட்டுக்குள் ஜன்னலை விட்டுத் தள்ளி இருப்பவர்களுக்குக் காலையில் ஒருமுறை பூசினால் போதும்.

மங்கு உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் செய்தி. மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதன் நீலப்பகுதி, நிறமியைக் கிளறுகிறது. சாதாரணச் சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வரும் ‘டின்டட்’ சன்ஸ்கிரீன் தடுக்கும். முகம் வெளுத்துத் தெரிகிறது என்ற குறையும் அதில் இல்லை.

குடையையும் அகல விளிம்புத் தொப்பியையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். அவை இரண்டு மணி நேரத்தில் தேய்ந்துபோவதில்லை. கெட்டியான கருப்புத் துணிக் குடை, மெல்லிய வெளிர்நிறக் குடையைவிடக் கதிரை நன்றாகத் தடுக்கும்.

இரவில் ரெட்டினாய்டு

ஏற்கெனவே நேர்ந்த பழுதைச் சரிசெய்வதில் வலுவான ஆதாரம் உள்ள பூச்சு, வைட்டமின் ‘ஏ’ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டுகள். பருவுக்குக் கொடுத்துவந்த ட்ரெட்டினோயின், வெயிலால் முதுமையடைந்த தோலையும் சீராக்குகிறது என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் குழுவினரும் 1986இல் எழுதினார்கள். அது மேல்தோலின் செல் சுற்றை விரைவுபடுத்துகிறது, கொலாஜனை வெட்டும் நொதிகளை அடக்குகிறது, புதிய கொலாஜன் உருவாகத் தூண்டுகிறது, நிறமியையும் சீராகப் பரப்புகிறது. ட்ரெட்டினோயின் மருத்துவர் எழுதித்தர வேண்டிய மருந்து. கடையில் நேராகக் கிடைப்பது ரெட்டினால். தோலுக்குள் போய் இரண்டு படி மாறிய பிறகே வேலை செய்வதால் வலிமை குறைவு, எரிச்சலும் குறைவு.

புதிதாகத் தொடங்குபவர் ரெட்டினாலை 0.2 அல்லது 0.3 சதவீதத்தில் தொடங்கலாம். மருத்துவர் ட்ரெட்டினோயின் தந்தால் பெரும்பாலும் 0.025 சதவீதத்தில் தொடங்குவார். முகம் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத் தோலில் பூசினால் எரிச்சல் கூடும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவே போதும். நெற்றி, இரு கன்னம், தாடை என்று புள்ளி வைத்துப் பரப்புங்கள். கண்ணிமை, மூக்கோரம், வாயோரம் மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் மாதம் வாரம் இரண்டு இரவு, அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், தோல் தாங்கினால் பிறகு தினமும். வறண்ட தோல் உள்ளவர்கள் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ரெட்டினால், மறுபடி மாய்ஸ்சரைசர் என்று மூன்றடுக்காகப் பூசலாம்.

முதல் சில வாரங்களில் இலேசாக உரிவது இயல்பு. சிவந்து எரிந்தால் நிறுத்துங்கள். தோல் ஆறிய பிறகு பாதி நாட்களாகக் குறைத்துத் தொடருங்கள். “எரிந்தால்தான் வேலை செய்கிறது” என்ற எண்ணம் நம் தோலுக்கு ஆபத்தானது. மாநிறத் தோலில் ஒவ்வொரு எரிச்சலும் ஒரு கரும்பழுப்புத் தடத்தை விட்டுப்போகக்கூடும். போக்க வந்த மருந்தே அந்த நிறத்தைக் கூட்டிவிடும். சொரசொரப்பு ஓரிரு மாதத்தில் குறையும். நிறம் சீராக மூன்று மாதம், மெல்லிய கோடுகள் குறைய ஆறு மாதம் வரை ஆகலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் எந்த ரெட்டினாய்டையும் தொடக் கூடாது. இதைப் பூசிவிட்டு மறுநாள் பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் திரிந்தால் மொத்த முயற்சியும் வீண்.

மற்றவை

மாய்ஸ்சரைசரில் கிளிசரின், செராமைடு (தோலில் இயல்பாகவே உள்ள ஒரு கொழுப்பு) போன்றவை இருந்தால் போதும். குளித்துத் துடைத்ததும், தோலில் ஈரப்பசை இருக்கும்போதே தடவினால் நன்றாக நிற்கும். தோலின் இயல்பு இலேசான அமிலத்தன்மை. சோப்புக் கட்டிகள் பெரும்பாலும் காரத்தன்மை உடையவை. அதனால் முகத்துக்கு மட்டும் சோப்பில்லாத மென்மையான ஃபேஸ்வாஷ் வைத்துக்கொள்ளலாம்.

வைட்டமின் ‘பி3’இன் ஒரு வடிவமான நியாசினமைடு 4 அல்லது 5 சதவீதத்தில் நிறத்தையும் மெல்லிய கோடுகளையும் ஓரளவு சீராக்குகிறது. எரிச்சல் குறைவு என்பதால் ரெட்டினால் ஒத்துவராதவர்கள் இதில் தொடங்கலாம். வைட்டமின் ‘சி’ சீரம் 10 முதல் 20 சதவீதம் வரை இருந்தால் பயன் தரும். ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெடும். வாங்கும்போது நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருந்தது பழுப்பாகிவிட்டால் கொட்டிவிடுங்கள். ரெட்டினால், நியாசினமைடு, வைட்டமின் ‘சி’ மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். எரிச்சல் வந்தால் எதனால் என்று தெரியாமல் போய்விடும். புதிய பொருள் ஒன்றுக்கு ஒரு மாத இடைவெளி கொடுங்கள். முதலில் காதுக்குப் பின்னால் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

கொலாஜன் கிரீமிலிருந்து கொலாஜன் உள்ளே போகாது. மூலக்கூறு மிகப் பெரியது. அது மேலே ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவே. குடிக்கும் கொலாஜன் பொடிகளால் சிறிய முன்னேற்றம் என்று சொல்லும் ஆய்வுகளில் பல, விற்கும் நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை. சன்ஸ்கிரீனுக்கான பணத்தை அதில் போட வேண்டாம். புகைப்பழக்கமும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும் கொலாஜனை உள்ளிருந்தே கெடுப்பவை. அவற்றுக்கு ஈடுகட்டும் பூச்சு எதுவும் இல்லை.

கெடுதலில் முடியும் வழிகள்

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்காதீர்கள். அதன் கடும் அமிலம் எரிச்சல் தரும். எலுமிச்சை வகைகளில் உள்ள சில பொருட்கள் வெயிலோடு சேர்ந்தால் தோல் வெந்து, வாரக்கணக்கில் கருந்தடம் நிற்கும். சமையல் சோடா, பற்பசை, கரகரப்பான ஸ்க்ரப் எல்லாமே இதே கணக்குதான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘மங்கு கிரீம்’. நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு என மூன்று மருந்து கலந்த டியூப் அது. மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டும் தர வேண்டியது. பத்தே நாளில் முகம் தெளிவதால் பலர் அதை ஆண்டுக்கணக்கில் ஃபேர்னஸ் கிரீம்போலப் பூசுகிறார்கள். ஸ்டீராய்டு கொலாஜன் உற்பத்தியையே குறைத்துத் தோலை மெலியவைக்கும். இரத்த நாளங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும், பரு கிளம்பும், மயிர் வளரும், வெயில் பட்டாலே எரியும். முதுமையைப் போக்கப் பூசியது முதுமையைத்தான் விரைவாகக் கொண்டுவரும். நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகக் கருப்பதால் மறுபடி பூசத் தோன்றும், இப்படியே பிடித்துக்கொள்ளும். 2018இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தும் கடையில் கேட்டால் கிடைக்கிற நிலை மாறவில்லை. டியூப்பில் பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஏற்கெனவே பல மாதமாகப் பூசிவருபவர்கள் தாமாக ஒரேயடியாக நிறுத்தாமல், தோல் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உற்பத்தியாளர் பெயரோ சேர்மானப் பட்டியலோ இல்லாமல் வரும் வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் இத்தகைய கிரீம் பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023இல் செய்தியானது.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

ஒரு மச்சம் அல்லது புள்ளி சில மாதத்தில் பெரிதாவது, ஓரம் ஒழுங்கற்றுப் போவது, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் காட்டுவது, அரிப்பது, இரத்தம் கசிவது என்றால் தள்ளிப்போடாதீர்கள். நம் நிறத்தவருக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் புதிதாக வரும் கருமையையும் காட்ட வேண்டும். ஒரு மாதத்தில் ஆறாத புண்ணும் அப்படியே. மங்கு மூன்று மாதச் சன்ஸ்கிரீன் பழக்கத்துக்குப் பிறகும் பரவினால் அதற்கென மருந்துகள் உண்டு. அசெலாயிக் அமிலம் போன்றவை நீண்ட காலம் பூசத் தக்கவை. லேசர், கெமிக்கல் பீல் (அமிலம் பூசி மேல்தோலை உரிப்பது) செய்துகொள்வதானால் மாநிறத் தோலில் அனுபவமுள்ள தோல் மருத்துவரிடம் மட்டும் செய்யுங்கள். அழகு நிலையத்தில் வேண்டாம். லேசர் கதிரோ அமிலமோ அளவில் கொஞ்சம் கூடினாலும் சுட்ட தடம் நிற்கும். போகும்போது வீட்டில் முகத்துக்குப் பூசும் எல்லா டியூப்பையும், தலைச் சாயத்தின் அட்டையையும், சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பிறர் கொடுத்த பெயரில்லாத டப்பாவையும் விட்டுவிடாதீர்கள்.